முப்பது நாள் விதியும் ஒரு தவக்காலமும்

நாங்கள் அவற்றைக் கதிரை என்றுதான் சொல்லிவந்தோம், மேசையோடு போட்டு இருக்கிற அதே கதிரை. இணையத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் அந்தத் தளத்தின் கடிதங்களில் ஆங்கிலத்தில் 'சீற்', தமிழில் 'பயனர் உரிமம்' என்று இருக்கும். அது பிள்ளைகளின் வாயில் வரவில்லை. "மிஸ், எனக்கும் ஒரு கதிரை தருவீங்களா?" என்று முதல் கிழமையே ஒருத்தி கேட்டாள். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

மொத்தம் நாற்பது கதிரைகள். ஊரிலிருந்து கடல் கடந்து போனவர்கள் சிலர் ஒரு வருடத்துக்கென்று வாங்கித் தந்தவை. ஒரு கதிரையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம். யார் இருப்பது, யார் எழும்புவது, யார் காத்திருப்பது என்பதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பள்ளிமுனையில், கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தோடு ஒட்டிய ஓர் அறையில் நான்கு கம்பியூட்டர்கள் இருந்தன. மாரி மழைக்குப் பிறகு மூன்று. பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் போனில்தான் படித்தார்கள். சந்தேகம் கேட்கவும் பரீட்சை எழுதவும் மட்டும் அறைக்கு வருவார்கள்.

இந்த வேலைக்கு வருமுன் இருபத்தாறு வருடம் பொது நூலகத்தில் இருந்தேன். அங்கே பழகிய பழக்கத்தில் எதையும் நாளோடு எழுதி வைப்பேன். இன்று எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை பாடம் முடிந்தது, எத்தனை மணிக்கு மின்சாரம் போனது என்றெல்லாம் நாட்குறிப்பில் இருக்கும். இதை எழுதுமுன் அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தேன். திகதிகளை விட்டுவிட்டுக் கிழமைகளை மட்டும் இங்கே தருகிறேன். அந்த வருடம் தவக்காலமும் ரமழான் நோன்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கோவிலையும் பள்ளிவாசலையும் வைத்துத்தான் ஊரே நாள் எண்ணியது.

நூலகத்தில் எனக்கு ஆகாத ஒன்று உண்டு. இரவல் எடுத்த புத்தகத்தைப் படிக்காமல் வீட்டில் வைத்திருப்பது. அதே புத்தகத்துக்கு இன்னொருவர் வாரக்கணக்காக வந்து வந்து போவார். கதிரைகளிலும் இதுதான் நடந்தது. மீன்பிடிப் பருவத்துக்கு முசலிப் பக்கம் கடற்கரையில் வாடிக் குடிசை போட்டுத் தங்கப்போன சில குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு மாதமாகப் பாடத்தைத் திறக்கவில்லை. கேட்டுக் காத்திருந்தவர்களோ எட்டுப் பேர். பொங்கலுக்கு அடுத்த கிழமை, தளத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒரு விதியைக் கண்டுபிடித்தேன். 'இத்தனை நாள் பயன்படுத்தாவிட்டால் உரிமத்தை மீளப் பெற்று, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடு.' எத்தனை நாள் என்ற கட்டத்தில் முப்பது என்று போட்டேன். பட்டியல் எட்டிலிருந்து நான்காகக் குறைந்தது. அன்று நாட்குறிப்பில் 'நன்று' என்று எழுதியிருக்கிறேன்.

விபூதிப் புதனுக்கு முந்திய ஞாயிறு, பூசையின் முடிவில் எங்கள் பங்குத்தந்தை தவக்கால ஒறுத்தல் பற்றிப் பேசினார். "இறைச்சியை விடுறது பெரிய காரியமில்லை. எங்கட வீடுகளில கிழமையில எத்தின நாள் இறைச்சி? கையில ஒட்டிக்கொண்டு இருக்கிறதை விடுங்கோ பாப்பம்" என்றார். பீடத்துக்கு முன்னால் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. பிள்ளைகள் வரிசையாகப் போய், எதை விடுகிறார்கள் என்று துண்டில் எழுதிப் போட்டார்கள். கொத்து ரொட்டி என்று எழுதியவனும் உண்டு, டிவி நாடகம் என்று எழுதியவளும் உண்டு. பெரும்பான்மை போன்.

நான் மூன்றாவது வரிசை வாங்கில் இருந்தேன். பாதர் நன்றாகச் சொன்னார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதும் நான்தான். தவக்காலம் நாற்பது நாள் என்று சொல்வார்கள். அது ஞாயிறுகளைக் கழித்த கணக்கு. எங்கள் பிள்ளைகள் ஒறுத்தலில் ஞாயிறைக் கழிப்பதில்லை. ஆகவே விபூதிப் புதன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய சனி வரை நாற்பத்தாறு நாள். இவ்வளவும் தெரிந்த நான், பொங்கலுக்கு அடுத்த கிழமை போட்ட முப்பதையும் இந்த நாற்பத்தாறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

தவக்காலத்தின் முப்பத்தோராம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நோன்பு தொடங்கி நாலாம் நாள். காலை எட்டரைக்கு அறையைத் திறந்து அறிக்கைப் பக்கத்தைப் பார்த்தேன். பாவனையில் உள்ள கதிரைகள் இருபத்தொன்று என்று காட்டியது. முந்திய நாள் அது நாற்பது. பக்கம் சரியாக ஏறவில்லை என்று நினைத்து மூடித் திறந்தேன். மறுபடியும் இருபத்தொன்று. கீழே ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. 'மீளப் பெறப்பட்டது' என்ற சொல் இருபத்து மூன்று வரிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது.

பெயர்களைப் படித்துக்கொண்டு போனபோதுதான் விளங்கியது. பெட்டியில் துண்டு போட்ட பிள்ளைகள். ஊரே பக்தியாக இருந்த குற்றத்துக்கு நான் அவர்களைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டிருக்கிறேன்.

முதலில் விதியை அறுபது நாளாக மாற்றினேன். வெறுமையாகக் கிடந்த பத்தொன்பது கதிரைகளையும் உரியவர்களுக்கே திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பத்தரை மணியாகியது. மீதி நான்கும் அந்த நள்ளிரவிலேயே காத்திருந்த நான்கு பேருக்குப் போய்விட்டன. அந்த நான்கில் மூன்றை இழந்த பிள்ளைகள் முதலாம் பாகத்தைத் தாண்டாதவர்கள். அவர்கள் அடுத்த முறை வரை காத்திருக்கலாம். நான்காவது பெயரில் என் விரல் நின்றது.

அவள் பள்ளிமுனைப் பிள்ளை. உயர்தரம் முடித்து இரண்டு வருடம். பன்னிரண்டு பாகங்களில் பதினொன்றை முடித்தவள் எங்களிடம் அவள் ஒருத்திதான். எங்கள் தீவைத் தாண்டிப் பெருநிலப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையம் வரவேற்பு மேசைக்கு ஆள் கேட்டிருந்தது. உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த வெள்ளி நேர்முகம். ஆங்கிலப் பாடநெறி ஒன்றை முடித்த சான்றிதழோடு வரவேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. கடிதத்தை அவளே கொண்டுவந்து எனக்குக் காட்டியிருந்தாள். தளத்தின் விதிப்படி, கதிரை போனவரின் பாடப் பதிவு ஏழு நாள் மட்டும் இருக்கும். பிறகு அழிந்துவிடும். அடுத்த வெள்ளிக்குள் அவளுக்கு ஒரு கதிரை வேண்டும்.

அன்று பின்னேரம் சிலுவைப்பாதை முடிந்து சனம் வெளியே வந்தபோது அவளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, உம்மட கதிரை போயிட்டுது."

"எங்க போனது, மிஸ்?" பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

நடந்ததைச் சொன்னேன். விதியைப் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

"அப்ப என்ரை பதினொரு பாகமும்?"

"வாற வெள்ளி வரைக்கும் இருக்கும். அதுக்குள்ள ஒரு கதிரை எடுத்துத் தந்தால் தப்பும். இல்லாட்டி முதலாம் பாடத்தில இருந்துதான்."

"ஒம்பது மாசம், மிஸ்."

"ஓம் பிள்ளை. ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையும். எல்லாத்துக்கும் போனை விட்டாலும் படிப்புக்கு மட்டும் எடுத்திருக்கலாமே?"

அவள் முந்தானையின் நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். "மிஸ், இந்த வேலை கிடைக்கோணும் எண்டுதானே போனை விட்டனான்" என்றாள். பிறகு, "கடைசிப் பாகம் நாலு நாள் வேலை. ஈஸ்டர் திங்கள் தொடங்கி வியாழன் முடிப்பன். வெள்ளி இன்ரவியூ. கலண்டர்ல எழுதி வச்சிருக்கிறன்."

அவளுடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

"ஒரு கதிரை கிடைச்சால் எங்கட அறைக்கு வந்து கம்பியூட்டர்ல செய்யலாம்தானே? அது போன் இல்லையே."

"பேரை மாத்தி வச்சுக் கடவுளை ஏமாத்தலாமே, மிஸ்?" என்றாள். 

தளத்தின் உதவிப் பிரிவுக்கு அன்றே எழுதினேன். சனி காலை பதில் வந்தது. மேலதிக உரிமம் வேண்டுமென்றால் கதிரைகளை வாங்கித் தந்தவர்கள்தான் கேட்கவேண்டும், அதற்குப் பத்து வேலை நாள் எடுக்கும் என்று மிகவும் பணிவாக எழுதியிருந்தார்கள்.

பதினொரு மணியளவில் பிள்ளையின் கதிரை யாருக்குப் போனதோ அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். முசலிக் கரையில் கணவரோடு பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஐந்து மாதமாகப் பட்டியலில் இருந்தவர். மூன்று கிழமைக்கு விட்டுத்தர முடியுமா என்று கேட்பதற்கு வசனத்தைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

"மிஸ்ஸா? அல்ஹம்துலில்லாஹ், நானே எடுக்க இருந்தன்" என்று தொடங்கினார். "சஹர் சாப்பாட்டுக்கு எழும்பிப் பாத்தா மெசேஜ் வந்து கிடக்கு. நோன்பு மாசத்தில அல்லாஹ் தந்த பறக்கத் எண்டு இவர் சொல்லுறார். ரெண்டு பாடம் முடிச்சிட்டன், மிஸ். இண்டைக்கு விடியக் கடையைத் திறக்கக்குள்ள இவரைப் பாத்து 'குட் மோர்னிங், ஹவ் ஆர் யூ' எண்டன். தேத்தண்ணியும் இல்லாமப் பின்னேரம் வரைக்கும் இருக்கப்போறவனுக்கு என்ன குட் மோர்னிங் எண்டு கேக்கிறார்!"

அவர் சிரித்தார். பின்னால் கணவரும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"நீங்க என்னத்துக்கு எடுத்தீங்க, மிஸ்?"

கடதாசியை மடித்தேன். "பாடத்தில சத்தம் தெளிவாக் கேக்குதோ எண்டு பாக்கத்தான்" என்றேன்.

"நல்லாக் கேக்குது, மிஸ்" என்றார்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு பாதரிடம் போனேன். அவர் உடுப்பறையில் மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு தலையில் கையை வைத்தார்.

"நான் போனை விடச் சொன்னனானே தவிர, படிப்பை விடச் சொல்லேல்லையே ரீச்சர்."

"அவையளுக்குப் படிப்பு போனுக்குள்ளதானே இருக்கு, பாதர்."

"அதுவும் சரி. அந்தப் பிள்ளையை வரச்சொல்லுங்கோ. நான் விலக்குத் தாறன். படிப்புக்கு எடுத்தால் பாவமில்லை."

"நீங்கள் தந்தாலும் அவள் எடுக்கமாட்டாள்."

"அப்ப அவள் என்னைவிட நல்ல கிறிஸ்தவள்" என்றார். "நீங்கள் என்ன விட்டனீங்கள், ரீச்சர்?"

"சீனி" என்றேன். தேநீருக்குச் சீனி போடுவதில்லை என்று விட்டிருந்தேன். அவர் மேலங்கியை மடிக்கத் தொடங்கினார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பட்டியலைக் கையில் எடுத்தேன். யாராவது ஊரைவிட்டுப் போனவர், படிப்பை நிறுத்தியவர், இரண்டு கணக்கு வைத்திருப்பவர் இருக்கிறாரா என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் முப்பத்தொன்பதுதான் வந்தது. நாற்பது இருக்கவேண்டுமே என்று நாலாவது முறை எண்ணியபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு முறையும் இரண்டாவது வரியிலிருந்து எண்ணியிருக்கிறேன் என்று. முதல் வரி என் பெயர்.

பொறுப்பாளருக்கும் ஒரு கதிரை வேண்டும், பாடம் பிள்ளைகளுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க. தொடக்கத்தில் அதற்காகத்தான் எனக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டேன். பிறகு பாடம் எனக்கே பிடித்துப்போயிற்று. வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியும், ஆனால் வெள்ளைக்காரர் ஒருவர் முன்னால் வந்து நின்றால் வாய் வராது. அந்தக் குறை இருபத்தாறு வருடம் என்னோடு இருந்தது. காலை தேநீரோடு ஒரு பாடம். தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாளும் தவறவிட்டதில்லை. தளம் அதை எண்ணிக்கொண்டே வரும். அந்த எண்ணை நானும் தினமும் நாட்குறிப்பில் எழுதுவேன். எட்டாம் பாகத்தில் இருந்தேன். காத்திருப்போரில் ஒருவருக்கு அதைக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அதுவரை எனக்கு வரவேயில்லை. நூலகத்தில் யாரைப் பற்றிக் கோபப்பட்டேனோ அவர்களைவிட நான் மேல் என்று சொல்ல முடியாது. அவர்கள் படிக்காமல் வைத்திருந்தார்கள், நான் படித்துக்கொண்டு வைத்திருந்தேன். அவ்வளவுதான்.

உடனே விட்டுக்கொடுத்தேன் என்று எழுதினால் அது பொய். ஞாயிறு பின்னேரம் முழுதும் யோசித்தேன். எட்டாம் பாகத்தின் மிகுதிப் பாடத்தை முடித்தேன். திங்கள் காலையும் ஒரு பாடம் செய்தேன். அதற்குப் பிறகுதான் என் பெயருக்கு எதிரே இருந்த பொத்தானை அழுத்தினேன். 'உறுதியாகவா?' என்று தளம் கேட்டது. ஓம் என்றேன்.

கதிரை கிடைத்துவிட்டது. ஆனால் பழைய பதிவோடு அவளை உள்ளே சேர்க்க, அவளுடைய போனுக்கு ஓர் இரகசிய இலக்கம் வரும். பத்து நிமிடத்துக்குள் அதைப் போடவேண்டும். என் போனை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

தாயும் மகளும் முற்றத்தில் வலையை விரித்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் கரைக்கு வந்து நித்திரை. விசயத்தைச் சொன்னதும் மகள் வலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"ஆரின்ரை கதிரை, மிஸ்?"

"சும்மா கிடந்த ஒண்டு."

"நாலு நாளா இல்லாதது எப்பிடி இண்டைக்குச் சும்மா கிடந்தது?"

"பிள்ளை, எனக்கு நேரமில்லை. போன் எங்க?"

"அலுமாரிக்குள்ள, மாதா படத்துக்கு முன்னால. ஆனா நான் தொடமாட்டன், மிஸ்."

"நீ தொடாதை" என்று தாய் எழும்பினார். "நான் ஒண்டும் நேந்து வைக்கேல்லை. நான் தொடலாம்."

கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த போன் செத்துக் கிடந்தது. சார்ஜில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் நானும் இருந்து நாலைந்து நண்டு கழற்றினேன், விரலில் கடியும் வாங்கினேன். போன் உயிர் வந்ததும் தாய் கேட்டார், "இது நம்பர் கேக்குது. என்னடி போடுறது?"

மகள் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி இருந்தாள். "நீங்கள் பிறந்த வருசம், அம்மா."

தாய் போட்டார். "இதை முதலே சொல்லியிருந்தா, நான் எப்பவோ பாத்திருப்பன்."

"அதுதான் சொல்லேல்லை."

நான் இலக்கத்தை அனுப்பும்படி என் போனில் அழுத்தினேன். அதே நேரம் முப்பத்து மூன்று நாளாகத் தடைபட்டிருந்த செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து விழத் தொடங்கின. டிங் டிங் என்று நிற்கவேயில்லை.

"ஆரடி இவ்வளவு பேர் உனக்கு? இதார், பூப்படம் போட்டிருக்கிறது?"

"அம்மா! பாக்காதேங்கோ அம்மா!"

"பாக்காம எப்பிடி நம்பரைக் கண்டுபிடிக்கிறது? நீ வந்து பார் அப்ப."

அவள் திரும்பவில்லை. கழுத்து வரை சிவந்துபோனாள். தாய் கண்ணாடியில்லாமல் போனைத் தள்ளிப் பிடித்துத் தேடினார். பத்து நிமிடம் போய்விட்டது. இரண்டாம் முறை இலக்கம் கேட்டேன். இம்முறை அது எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது. தாய் ஆறு எண்களையும் பூசையில் வாசகம் வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான் போட்டேன். பச்சை நிறத்தில் ஒரு கோடு ஓடியது. பன்னிரண்டில் பதினொன்று என்று எழுத்து வந்தது.

"இருக்கு, பிள்ளை. பதினொண்டும் இருக்கு."

மகளின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவள் குனிந்து அடுத்த நண்டைக் கழற்றத் தொடங்கினாள். தாய் போனை நிறுத்தி, கைக்குட்டையில் திரும்பச் சுற்றி, உள்ளே கொண்டுபோனார். போகிறபோக்கில் கேட்டார், "அந்தப் பூப்படம் ஆரெண்டு ஈஸ்டருக்குப் பிறகு சொல்லுவாய்தானே?"

எனக்கு ஒரு பையில் நண்டு தந்தார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கே, நான் வருமுன், அவள் அறை வாசலில் நின்றாள். கையில் போன். வீட்டில் வருகிறவர் போகிறவர் அதிகம், இங்கே இருந்து படிக்கிறேன் என்றாள். திங்கள் இரண்டு பாடம், செவ்வாய் மூன்று, புதன் இரண்டு. வியாழன் பத்து மணிக்குப் பரீட்சையைத் தொடங்கினாள். நான் வெளியே போய் மண்டபத்தைக் கூட்டினேன், கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினேன். பதினொன்றேகாலுக்குக் கதவைத் திறந்து, "மிஸ், பிரின்ரர் வேலை செய்யுமா?" என்று கேட்டாள். அதுதான் அவள் சொன்ன முடிவு.

வெள்ளி, காலை பஸ்ஸில் போனாள். பின்னேரம் இரண்டு மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது.

"மிஸ், நான்தான். பஸ்ஸுக்குள்ள நிக்கிறன்."

"சேர்ட்டிபிக்கற்றைப் பாத்தவையே?"

"பாத்தவை. பாத்திட்டு மேசையில வச்சிட்டு, ஒரு ஆள் உடம்பு வருத்தம் எண்டு வந்தா இங்கிலீசில என்ன கேப்பீர் எண்டு கேட்டவை. 'வெயர் டஸ் இற் ஹேர்ட்' எண்டன். வேற என்ன கேப்பீர் எண்டினம். 'ஹாவ் யூ ஈற்றன்' எண்டன். அது பாடத்தில இல்லை, மிஸ். நானாக் கேட்டது. அந்த டொக்டர் சிரிச்சிட்டார்."

"பிறகு?"

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வேலைக்கு வரட்டாம்."

 அவளே தொடர்ந்தாள். "அம்மாவுக்கு நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ. நான் வந்து என்ரை வாயால சொல்லோணும்."

மூன்று மணிக்குப் பாண் வாங்கக் கடைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அங்கே தாய் நின்றார்.

"பிள்ளை போன் எடுத்தவளே, ரீச்சர்?"

"பஸ் வரட்டும்" என்றேன், பாணைப் பார்த்துக்கொண்டு.

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.  கடைக்காரரிடம், "அண்ணை, இந்தச் சாமானெல்லாம் இதில இருக்கட்டும், வந்து எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு, வெயிலில் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். பஸ் வருவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.